சேர்ந்து கணக்குப் போடுவது: நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் குழுக்களுக்கான கேள்வி-பதில்

போட்டி நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதிக்கு நண்பர்களோடு சேர்ந்து பயிற்சி செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். நானும் அப்படி ஒரு நால்வர் குழுவில் இருந்து தேர்வு எழுதியவன்தான். இப்போது மற்ற குழுக்களுக்குக் கணக்குப் பொறுக்கிக் கொடுக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், அதை மறைக்கவில்லை.

தேர்வைத் தனியாகத்தானே எழுதப்போகிறோம்? சேர்ந்து போடுவதில் என்ன லாபம்?

போடுவது தனியாகத்தான். சேர்வது, போட்டு முடித்த பிறகு. விடை தெரிந்துகொள்ளக் குழு வேண்டாம், அது புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. அதே கணக்கில் இன்னொருவர் தலை எந்த வழியாகப் போனது என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஒரு மாலை நாங்கள் போட்ட கணக்கு இது: "1 முதல் 1000 வரை உள்ள எண்களில் 3-ஆலும் வகுபடாத, 5-ஆலும் வகுபடாத எண்கள் எத்தனை?" நான்கு பேருக்கும் 533 வந்தது. சரி, அடுத்தது என்று பக்கத்தைப் புரட்டப் போனோம். ஒருத்தி மட்டும், "இருங்க, எப்படிப் போட்டீங்க?" என்றாள்.

நானும் இன்னொருவனும் எல்லோரும் போடும் வழியில் போட்டிருந்தோம். 3-இன் மடங்குகள் 333, 5-இன் மடங்குகள் 200, இரண்டிலும் வருகிற 15-இன் மடங்குகள் 66. ஆகவே 333 + 200 − 66 = 467. அதை 1000-இல் கழித்தால் 533. அவள் வழி வேறு. ஒவ்வொரு 15 எண்ணிலும் இப்படிப்பட்டவை 8 இருக்கும். 990 வரை 66 கட்டுகள், அதாவது 528. மிச்சம் இருக்கிற 991 முதல் 1000 வரை, 1 முதல் 10 வரை எப்படியோ அப்படியே: 5 எண்கள். கூட்டினால் 533.

மூன்றாவது வழிக்காரன் பத்தே விநாடியில் முடித்திருந்தான். "மூன்றில் இரண்டு பங்கு 3-ஆல் வகுபடாது, அதில் ஐந்தில் நாலு பங்கு 5-ஆல் வகுபடாது. 1000 × 2/3 × 4/5 = 533.33. முழு எண்ணாக்கினால் 533." எங்களுக்கெல்லாம் வாய் பிளந்துவிட்டது. அவள் மட்டும், "1000-க்குப் பதிலா 14 வச்சுப் பாரேன்" என்றாள். 14 × 8/15 = 7.47, அதாவது 7. விரல் விட்டு எண்ணினோம்: 1, 2, 4, 7, 8, 11, 13, 14. எட்டு!

அந்தக் குறுக்கு வழி 15-இன் மடங்குகளுக்கு மட்டுமே துல்லியம். மற்ற எண்களில் ஒன்று தள்ளிப் போகலாம். 1000-க்குச் சரியாக விழுந்தது அதிர்ஷ்டம். கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 532, 533, 534 என்று நெருக்கமாக இருந்தால் கை வைக்கக் கூடாது. நால்வருக்கும் விடை சரியென்று பக்கத்தைப் புரட்டியிருந்தால் இந்த ஓட்டை யாருக்கும் தெரிந்திருக்காது.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

மூன்று அல்லது நான்கு. இரண்டே பேர் என்றால் விடை வேறுபடும்போது இழுபறியாகிவிடும். ஆறு ஏழு பேர் ஆனால் யாராவது ஒருவர் தலையாட்டிக்கொண்டே ஒளிந்துகொள்வார். கைகுலுக்கல் கணக்கே சொல்லுமே: 4 பேரில் 6 ஜோடிகள், 8 பேரில் 28 ஜோடிகள். அரட்டையும் அதே விகிதத்தில்தான் ஏறும்.

எல்லோரும் ஒரே தரத்தில் இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஒருவருக்கு வடிவியல் கை வந்தது, இன்னொருவருக்கு எண்ணியல் என்றிருந்தால் நல்லது. ஆனால் ஒருவர் விகிதம், சதவீதத்திலேயே தடுமாறும்போது மற்றவர் மாதிரித் தேர்வில் நேரம் குறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் அது குழு இல்லை, டியூஷன். டியூஷன் தப்பில்லை, ஆனால் அதை டியூஷன் என்றே சொல்லிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

ஓர் அமர்வை எப்படி நடத்துவது?

ஒன்றரை மணி நேரம், எட்டுக் கணக்குகள். அதற்கு மேல் வைத்தால் கடைசி நான்கும் அவசரத்தில் போகும்.

முதல் 25 நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆளாளுக்கு ஒரு ரஃப் தாள். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் "நிச்சயம்", "சந்தேகம்", "குருட்டடி" என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். இது அவசியம், ஏன் என்று பின்னால் நெகட்டிவ் மார்க் கேள்வியில் சொல்கிறேன். நேரம் முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் விடைகளைக் காட்ட வேண்டும். ஒவ்வொருவராகச் சொன்னால் முதலில் சொன்னவர் விடைக்கு மற்றவர்கள் சத்தமில்லாமல் மாறிவிடுவார்கள். நானே மாறியிருக்கிறேன்.

அப்புறம் விடைகள் பிரிந்த கணக்குகளை முதலில் எடுங்கள். பேச்சு நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும். விடை ஒன்றாக வந்தவற்றில் வழி வேறாக இருந்தால் மட்டும் நின்று பாருங்கள். கடைசிப் பத்து நிமிடம், அன்று தடுக்கி விழுந்தவர் அதே கணக்கை வெற்றுத் தாளில் முதலிலிருந்து போட வேண்டும். "புரிந்துவிட்டது" என்று சொன்ன கணக்குகளில் பாதி அந்தப் பத்து நிமிடத்தில்தான் புரியவில்லை என்று தெரியவரும்.

விடை வேறுபட்டால் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

யார் சொல்வதையும் வேண்டாம். குரல் உயரம், முந்தின மாதிரித் தேர்வின் மதிப்பெண், மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை, எதுவும் கணக்கில் செல்லாது. சிறிய எண்ணை வைத்துப் பாருங்கள், அல்லது ஓர் எதிர் உதாரணம் தேடுங்கள்.

தரவு போதுமா என்று கேட்கும் கேள்விகளில் இது அடிக்கடி வரும். "ஓர் எண் 24-ஆல் வகுபடுமா? தகவல் ஒன்று: அது 6-ஆல் வகுபடும். தகவல் இரண்டு: அது 4-ஆல் வகுபடும்." ஆறு நான்கு இருபத்து நான்கு, இரண்டும் சேர்ந்தால் போதும் என்று மூன்று பேர் அடித்துச் சொல்வார்கள். நான்காமவர் "12" என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும். 12 இரண்டாலும் வகுபடுகிறது, 24-ஆல் வகுபடவில்லை. 24-ஓ இரண்டுக்கும் பொருந்தி 24-ஆலும் வகுபடுகிறது. ஆகவே தகவல் போதாது. 6, 4 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 12 என்ற விளக்கத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நிகழ்தகவில் சண்டை இன்னும் பெரிதாக வரும். 1990-இல் அமெரிக்காவின் பரேட் இதழில் மர்லின் வாஸ் சாவன்ட் ஒரு புதிருக்குப் பதில் எழுதினார். மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த நடத்துநர், மீதி இரண்டில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்கிறார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு 2/3 என்றார் மர்லின். தவறு என்று ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன, கணித முனைவர்களிடமிருந்தும் வந்தன. அவர் சொன்னதுதான் சரி. மாற்றுவது என்று முடிவெடுத்தவர் முதலில் காரைத் தொட்டிருந்தால் தோற்பார், இரண்டு ஆடுகளில் எதைத் தொட்டிருந்தாலும் வெல்வார். மூன்று நிலைமைகளையும் மூன்று வரியில் எழுதினால் விவாதம் முடிந்தது. உங்கள் குழுவிலும் நிகழ்தகவில் குரல் உயர ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எல்லா நிலைமைகளையும் பட்டியலாக எழுதத் தொடங்குங்கள்.

எங்களில் கெட்டிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் அவரே போட்டுக் காட்டிவிடுகிறார். எப்படி நிறுத்துவது?

பேனாவைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் விதி அதுதான்: புரியாதவர் கையில்தான் பேனா. தெரிந்தவர் வாயால் மட்டும் உதவலாம், அதுவும் விடையாக இல்லாமல் கேள்வியாக.

"1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் கடைசியில் எத்தனை சுழியங்கள்?" ஒருவர் விழிக்கிறார். உடனே "ஐந்தால் வகுத்துக்கொண்டே போ" என்று சொன்னால் அவருக்கு ஒரு செய்முறை கிடைக்கும், அவ்வளவுதான். மாறாக, "சுழியம் எதனால் வருது?" என்று மட்டும் கேட்டு நிறுத்துங்கள். 10-ஆல், அதாவது ஒரு 2, ஒரு 5. சிறிது நேரம் விட்டு, "ரெண்டுல எது கம்மியா கிடைக்கும்?" 5-தான். 5-இன் மடங்குகள் 20, ஆகவே 20 சுழியங்கள் என்பார். பெரும்பாலும் எல்லோரும் இங்கேதான் நிற்பார்கள். "25-க்குள்ள எத்தனை அஞ்சு இருக்கு?" இரண்டு! 25, 50, 75, 100 நான்கிலும் ஒரு 5 கூடுதல். 24. மூன்று கேள்விகள், நான்கைந்து நிமிடம். அடுத்த முறை 250 வரை என்று மாற்றிக் கேட்டால், 125-இல் மூன்று 5 இருப்பது அவர் கண்ணில் தானாகவே படும்.

கெட்டிக்காரருக்கு இதில் எரிச்சல் வரும். வரட்டும். குறிப்பு எவ்வளவு சின்னதாகக் கொடுக்க முடியும் என்று யோசிக்கும்போது அவருக்கே கணக்கின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பிடிபடும்.

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

ஹார்டி, லிட்டில்வுட் என்ற இரண்டு ஆங்கிலேயக் கணிதவியலாளர்கள் முப்பத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர்களுக்குள் நான்கு விதிகள் இருந்ததாக டென்மார்க் கணிதவியலாளர் ஹரால்ட் போர் சொல்லியிருக்கிறார். முதல் விதி: ஒருவருக்கொருவர் எழுதுவது சரியா தப்பா என்பது பொருட்டே இல்லை. இரண்டாம் விதி இன்னும் வேடிக்கை: வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டியதில்லை, படிக்கக்கூட வேண்டியதில்லை. இரண்டாவதைக் குழுவில் கடைப்பிடித்தால் நட்பு போய்விடும். முதலாவதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். அன்றைய அமர்வின் சுவையான தவறு எது என்று கடைசியில் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்போம். 14-இல் உடைந்த அந்தக் குறுக்கு வழிதான் எங்கள் குழுவில் நீண்ட நாள் சாம்பியன்.

ஷார்ட்கட்களைப் பகிர்ந்துகொள்வது நல்லதா?

நிபந்தனையோடு சேர்த்துப் பகிர்ந்தால் நல்லது. போகும்போது மணிக்கு 40 கி.மீ., வரும்போது 60 கி.மீ. என்றால் சராசரி வேகம் 48. இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, கூட்டுத்தொகையால் வகுக்கும் ஷார்ட்கட் எல்லோருக்கும் மனப்பாடம். தூரம் சமமாக இருந்தால்தான் அது செல்லும் என்பது பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும். ஒரு மணி நேரம் 40-லும் அடுத்த ஒரு மணி நேரம் 60-லும் போனால் சராசரி வெறும் 50. யாராவது ஷார்ட்கட் சொன்னால், "இது எப்போ வேலை செய்யாது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் இன்னும் நோட்டில் ஏற்ற வேண்டாம்.

நேரில் சந்திக்க முடியாது. போன் வழியாகவே சேர்ந்து போடலாமா?

நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கமே இரண்டு பேர் கடிதத்தில் சேர்ந்து போட்ட கணக்குதான். 1654-இல் பாரிஸில் இருந்த பாஸ்கல், துலூஸில் இருந்த ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் ஒரு பந்தயப் பிரச்சினையை அலசினார்கள். இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64-ம். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று வென்றிருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பணத்தை எப்படிப் பிரிப்பது?

பாஸ்கல் அடுத்த ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்தார். முன்னிலையில் இருப்பவர் அதை வென்றால் 64, தோற்றால் சமநிலை, 32. ஆகவே 32 எப்படியும் அவருடையது, மீதி 32-இல் பாதி: மொத்தம் 48. ஃபெர்மாவின் முறை எல்லா முடிவுகளையும் எண்ணுவது. அதிகபட்சம் இன்னும் இரண்டு ஆட்டம், நான்கு விதமாக முடியலாம், மூன்றில் முன்னிலையில் இருப்பவர் வெல்வார். 64-இல் முக்கால், 48. உண்மை துலூஸிலும் பாரிஸிலும் ஒன்றாகவே இருக்கிறது என்று பாஸ்கல் மகிழ்ந்து எழுதினார்.

அவர்களுக்குக் கடிதம் போய்ச் சேர நாள் கணக்கில் ஆகும், அந்த இடைவெளியில் யோசிக்க முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் அது இல்லை. கேள்வி விழுந்த அடுத்த நிமிடம் "விடை 3" என்று யாரோ தட்டிவிடுவார், மற்றவர்களின் கணக்கு அங்கேயே செத்தது. ஆகவே கேள்வியோடு ஒரு நேரம் குறிப்பிடுங்கள்: "இரவு 9 வரை விடை போடக் கூடாது." விடையைத் தட்டச்சு செய்வதைவிடத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவது மேல், அடித்துத் திருத்தியதும் சேர்ந்தே வரும். தட்டச்சுதான் என்றால் அடைப்புக்குறியில் கஞ்சத்தனம் கூடாது. 6/2(1+2) என்று எழுதினால் ஒருவருக்கு 9, இன்னொருவருக்கு 1. 2^3^2 ஒருவருக்கு 512, இன்னொருவருக்கு 64. இரவு முழுக்கச் சண்டை போட்டது கணக்குக்காக இல்லை, அடைப்புக்குறிக்காக என்று விடிந்த பிறகு தெரியும்.

எங்கள் எல்லோருக்கும் ஒரே விடை, விடைக்குறிப்பில் வேறு. யார் சரி?

முதலில் கேள்வியை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். "குறைந்தபட்சம்", "வெவ்வேறான", "மிகை முழு எண்" போன்ற சொற்களை எல்லோருமே சேர்ந்து தவறவிடுவது சகஜம். பிறகு விடைக்குறிப்பின் எண்ணைக் கேள்வியில் பொருத்திப் பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லையா? அச்சுப் பிழையாக இருக்கலாம். 15 நிமிடம் எல்லை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் அடுக்கு 2 என்று வர வேண்டிய இடத்தில் 3 என்று அச்சாகியிருந்த ஒரு கணக்கோடு நாங்கள் ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டோம். புத்தகம் தவறும் என்ற எண்ணமே அன்றுவரை எங்களுக்கு வந்ததில்லை.

நெகட்டிவ் மார்க் இருக்கும் தேர்வில் ஊகித்து எழுதலாமா?

மனநிலையைக் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். நான்கு விடைகள், சரிக்கு 3, தப்புக்கு −1 என்றால் குருட்டாம்போக்கில் நான்கு எழுதினால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு: 3 − 3 = 0. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சரிக்கு 4 கொடுத்தால் நான்குக்கு ஒரு மதிப்பெண் லாபம். சரிக்கு 3 உள்ள தேர்விலும் ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால், மூன்று ஊகத்துக்கு 3 − 2 = 1 லாபம்.

"உறுதியாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்காகத்தான் "நிச்சயம், சந்தேகம், குருட்டடி" என்று குறிக்கச் சொன்னேன். நூறு கணக்குக்குப் பிறகு எண்ணிப் பாருங்கள். இரண்டு விடைகளை நீக்கிவிட்டு மிச்சம் இரண்டில் ஒன்றைத் தொட்ட இடங்களில் பாதியாவது சரியாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுதான் சரி என்றால் நீங்கள் நீக்கும் விதமே கோளாறு, சரியான விடையைத்தான் தூக்கி எறிகிறீர்கள். எனக்கு "நிச்சயம்" என்று குறித்தவற்றிலேயே ஐந்தில் ஒன்று தப்பு. பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.

குழுவில் போட்டால் வேகம் குறையாதா?

அமர்வில் குறையும். வேகத்துக்குக் குழு சரியான இடம் இல்லை. அதைத் தனியாக, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழக வேண்டும். குழுவில் கிடைப்பது, எந்தக் கணக்கை விட்டுவிட்டு நகர வேண்டும் என்ற தெளிவு. நான்கு பேரும் எட்டு நிமிடம் திணறிய கணக்கு என்றால், தேர்வில் அந்த வகையைக் கண்டதும் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

ஒருவர் எப்போதும் தயாராகாமல் வருகிறார்.

ஒரு முறை விடுங்கள். இரண்டாம் முறை அடுத்த அமர்வுக்கான எட்டுக் கணக்குகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். மூன்றாம் முறையும் வெறுங்கையோடு வந்தால் நண்பராகவே இருக்கட்டும், குழுவில் வேண்டாம்.

தவறுகளைக் குறித்து வைக்க நோட்டு தேவையா?

தேவை, ஆனால் முழுத் தீர்வையும் அழகாக எழுதி வைக்கும் நோட்டு இல்லை. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கணக்குக்கு ஒரு வரி போதும்: "25-இல் இரண்டு 5 இருப்பதை மறந்தேன்", "ஆரம் கேட்டார்கள், விட்டம் எழுதினேன்". நோட்டை வாரம் ஒரு முறை பக்கத்திலிருப்பவரோடு மாற்றிக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்குப் படாத ஒழுங்கு அடுத்தவருக்குச் சட்டென்று தெரியும். "நீ தப்புப் பண்றதெல்லாம் கழித்தலில்தான்" என்று எனக்கு ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது.

தேர்வு நெருங்கும்போது குழு தொடரலாமா?

கடைசி மூன்று நான்கு வாரம் மாதிரித் தேர்வுகள்தான். ஒரே நேரத்தில், அவரவர் இடத்தில் தனியாக எழுதுங்கள். மறுநாள் சேர்ந்து அலசுங்கள், அன்றே வேண்டாம், களைப்பில் யாரும் கேட்கமாட்டார்கள். கடைசி ஐந்தாறு நாள் புதுக் கணக்கு எதையும் குழுவில் போடாதீர்கள். அடுத்தவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத ஒன்று அந்த நேரத்தில் வந்து விழுந்தால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

அதே நாளில் இன்னொரு தாள் இருந்தால் கூடவே கூடாது. இல்லையென்றாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாங்கள் வாசலைத் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிட்டோம். ஒரு சேர்மானக் கணக்கில் நான்கு பேருக்கும் ஒரே விடை. அப்பாடா என்று கிளம்பினோம். இந்த முறை "எப்படிப் போட்டீங்க?" என்று அவளும் கேட்கவில்லை. விடைக்குறிப்பு வந்தபோது பார்த்தால் நான்கு பேரும் தப்பு.